ஒன்பதாம் அத்தியாயம்: பழைய பிக்கப் வண்டியில் டீசல் சிக்கனம்

பழைய பிக்கப் வண்டி ஒன்றை வைத்துத் தொழில் நடத்துகிறவர், மாதக் கடைசியில் பங்க் கணக்கைக் கூட்டிப் பார்த்து, வண்டி முன்போல மைலேஜ் கொடுக்கவில்லை என்று கண்டவுடன் செய்கிற முதற் காரியம், டீசல் பம்ப்பைக் கழற்றிப் பம்ப் கடைக்கு அனுப்புவதுதான். பம்ப் என்பது யந்திரத்தில் விலை மிகுந்ததும், நுட்பமானதும், சாமானியருக்கு விளங்காததுமான ஓர் உறுப்பு; விளங்காத குறைகளுக்கெல்லாம் விளங்காத உறுப்பையே குற்றவாளியாக்குவது மனித சுபாவத்துக்கு ஒத்த செயல்தான். ஆயினும், என் அனுபவத்தில் பெரும்பாலான பழைய வண்டிகளில் டீசல் விரயமாவது அவ்வளவு உயர்ந்த ஸ்தானத்தில் இல்லை. காற்றுக் குறைந்த டயர், சக்கரத்தை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் பிரேக், படபடவென்று அடித்துக்கொண்டு வரும் தார்ப்பாய், செல்ஃப் எடுக்காத காரணத்தால் அணைக்கப்படாமலே ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் என்று, பத்து ரூபாயிலும் நூறு ரூபாயிலும் தீரக்கூடிய இடங்களில்தான் அது போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே இந்த அத்தியாயத்தில் சோதனையைத் தரையிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் செல்வோம். பம்ப்பின் முறை வரும்போது அதையும் பார்ப்போம். அதற்கு முன்பே பலருக்கு அதன் அவசியம் இல்லாமற் போய்விடும்.

பழைய வண்டி என்று நான் இங்கே குறிப்பிடுவது, 1988-இல் டாடாமொபைல் வந்த நாள் முதற்கொண்டு நம் சந்தைச் சாலைகளில் பெருகிய டீசல் பிக்கப் இனத்தை. டாடா 207, மகேந்திராவின் பிக்கப் வகைகள், 2005-இல் வந்து குட்டியானை என்று பெயர் வாங்கிய டாடா ஏஸ், இவற்றைப் போலப் பத்துப் பதினைந்து வருஷம் சுமை இழுத்துத் தேய்ந்த மற்றவை எல்லாம் இதில் அடங்கும். பெட்ரோலில் ஓடுவதை வைத்திருப்பவருக்கும் சக்கரத்தைப் பற்றியும் சாரதியைப் பற்றியும் சொல்லப்போகிறவை அப்படியே பொருந்தும்.

முதலில் எதை மீட்க முடியும், எதை மீட்க முடியாது என்ற தெளிவு வேண்டும். 1897-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், ஆக்ஸ்பர்க் நகரில், ருடால்ஃப் டீசலின் யந்திரத்தைப் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் பரீட்சித்தபோது, எரிபொருளின் உஷ்ணத்தில் 26.2 சதவிகிதம் வேலையாக மாறியது என்று கணக்கிட்டார். அக்காலத்து நீராவி யந்திரங்களுக்கு அது எட்டாத அளவு. அன்றிலிருந்து இத்தனை காலம் சென்றும், உங்கள் பிக்கப்பின் யந்திரம் நல்ல நிலையில், நல்ல சுமையோடு ஓடும்போதுகூட, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலையாக்குகிறது. மற்ற இரண்டு பங்கும் சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் ஆகாயத்துக்குப் போகின்றன. அந்த இரண்டு பங்கை மீட்டுத் தருகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை. கைக்கு வந்து சேரும் ஒரு பங்கை வழியில் சிந்தாமல் சக்கரம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதொன்றே நம் அதிகாரத்தில் உள்ளது.

இன்னொரு கணக்கும் பழைய வண்டிக்காரருக்கு ஆறுதலானது. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியை 14 கொடுக்கச் செய்தால் 100 கிலோமீட்டருக்கு மிச்சமாவது ஒன்றேகால் லிட்டருக்கும் குறைவு. 8 கொடுக்கும் வண்டியை 10 கொடுக்கச் செய்தாலோ அதே தூரத்துக்கு இரண்டரை லிட்டர் மிச்சமாகிறது. இரண்டிலும் கூடியது இரண்டே கிலோமீட்டர்தான் என்றாலும் பணம் வேறு. ஆக, மோசமாக இருக்கும் வண்டியைக் கொஞ்சம் சீர்திருத்துவதில் கிடைக்கும் லாபம், நன்றாக இருக்கும் வண்டியை மேலும் மெருகேற்றுவதில் கிடைப்பதில்லை.

இனி அளவை. அளக்காமல் எதையும் கழற்றக்கூடாது என்பது இந்நூலில் அடிக்கடி வரும் விதி. இங்கே அதற்கு விசேஷ முக்கியத்துவம் உண்டு. ஐந்நூறு ரூபாய்க்கு, ஆயிரம் ரூபாய்க்கு என்று டீசல் போட்டு, முள் இறங்குவதைப் பார்த்து மைலேஜ் சொல்வது கணக்காகாது. ஒரே பங்க்கில், கூடுமானால் ஒரே பம்ப்பில், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நாசில் தானாக நிற்கும் வரை நிரப்பிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடியும் அங்கேயே வந்து அதே விதமாக நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் கிடைப்பதே மைலேஜ். நிரப்புவதில் ஒரு லிட்டர் முன்பின்னாவது சகஜம். பத்து லிட்டருக்குள் கணக்குப் பார்த்தால் அந்த ஒரு லிட்டரே முடிவைத் தலைகீழாக்கிவிடும் என்பதால், முந்நூறு நானூறு கிலோமீட்டராவது ஓடிய பிறகே நிரப்ப வேண்டும். சுமை, பாதை, சாரதி ஆகிய மூன்றும் ஒவ்வொரு முறையும் மாறுமாதலால், நோட்டுப் புத்தகத்தில் அவற்றையும் இரண்டு வார்த்தையில் எழுதி வைப்பது நல்லது.

மைலேஜ் குறைந்தது என்று வருந்தும் வண்டிகளில் சில, உண்மையில் ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லும் வண்டிகள். டயரின் அளவை மாற்றியிருந்தால் மீட்டர் காட்டும் தூரமும் மாறும். தேய்ந்த டயரில் ஒரு கணக்கும் புது டயரில் வேறு கணக்கும் வரும். தேசிய நெடுஞ்சாலையின் மஞ்சள் தலை கிலோமீட்டர்க் கற்களில் இருபதை எண்ணி ஓட்டி, மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். கேபிள் அறுந்து மீட்டரே ஓடாத வண்டியாயின், இந்த அத்தியாயத்தை இவ்விடத்தில் மூடிவிட்டு முதலில் கேபிளை மாற்றுங்கள்.

அளந்தாயிற்று என்றால் சக்கரத்துக்கு வருவோம். சுமையோடு இரண்டரை டன் இருக்கும் ஒரு வண்டியைச் சமமான தார்ச்சாலையில் உருட்டிக்கொண்டு போவதற்கு, டயர்கள் நல்ல நிலையில் இருந்தால், சுமார் 30 கிலோ எடையளவான இழுவிசை வேண்டும். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. அந்த நசுங்கலில் செலவாவது டீசல்தான். ஓடி வந்த டயரின் பக்கச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் கொதித்தால், அதில் காற்றுக் குறைவு என்று அறியலாம். காற்றை வாரம் ஒருமுறையாவது, காலையில் வண்டி எடுக்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய பிறகு அளந்தால் நாலைந்து பவுண்டு அதிகம் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடுகிற பையன்கள் பல பஞ்சர் கடைகளில் இருக்கிறார்கள். முன் டயருக்கு எத்தனை பவுண்டு, பின் டயருக்குச் சுமையோடு எத்தனை, சுமையில்லாமல் எத்தனை என்பதெல்லாம் வண்டியோடு வந்த கையேட்டிலோ, கதவின் ஓரத்தில் ஒட்டிய தகட்டிலோ இருக்கும். அதைச் சுண்ணாம்புக் கட்டியாலாவது டாஷ்போர்டில் எழுதி வைத்துவிட்டால், கடைக்காரர் “எத்தனை வைக்கணும்?” என்று கேட்கும்போது டிரைவர் வாய்க்கு வந்ததைச் சொல்ல மாட்டார். நைலான் டயரைவிட ரேடியல் டயர் கணிசமாக எளிதில் உருளும் என்பதையும், அடுத்த முறை டயர் மாற்றும்போது விலை வித்தியாசத்தோடு சேர்த்து யோசிக்கலாம்.

அலைன்மென்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன் டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளேயும், உள்ளிருந்து வெளியேயும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் ரம்பம் போலவும் தட்டினால் சக்கரங்கள் நேராக உருளாமல் சாலையைத் தேய்த்துக்கொண்டு போகின்றன என்று அர்த்தம். டயரும் டீசலும் சேர்ந்து நஷ்டமாகும் இடம் இது.

பிரேக் விஷயத்தில்தான் நிதானித்துப் பார்க்க வேண்டியது மிகுதி. பழைய பிக்கப்பின் பின் சக்கரங்களில் டிரம் பிரேக் இருக்கும். வீல் சிலிண்டரின் பிஸ்டன் துருப்பிடித்தோ, ஷூவை இழுக்கும் ஸ்பிரிங் சோர்ந்தோ, ஹேண்ட் பிரேக் கேபிள் தன் உறைக்குள் மண் ஏறி இறுகியோ போனால், மிதியை விட்ட பிறகும் ஷூ டிரம்மை முழுதும் விடுவதில்லை. வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. அதனால் ஒருவருக்கும் குறை தெரிவதில்லை. ஒரு சக்கரம் 5 கிலோ அளவுக்குப் பிடித்திழுத்தாலும், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டிக்கு வேண்டிய மொத்த இழுவையில் அது ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு. இதைக் கண்டுபிடிக்க யந்திரசாலை வேண்டாம். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிவிடுங்கள். கிரவுனையும் சேர்த்துச் சுற்ற வேண்டியிருப்பதால் அது தாராளமாகச் சுழலாது. ஆனால் ஒரே சீரான கனத்தோடு சுழல வேண்டும். ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் ‘சர்க்’ என்று உரசினால் டிரம் கோணியிருக்கிறது. சுற்று முழுவதும் உரசிக்கொண்டே வந்தால் ஷூ விடவில்லை. அடுத்து ஒருவரை உள்ளே உட்காரவைத்துப் பிரேக்கை ஒருமுறை மிதித்து விடச்சொல்லி மறுபடி சுற்றுங்கள். மிதிப்பதற்கு முன் இலகுவாயிருந்தது இப்போது இறுகியிருந்தால் குறை வீல் சிலிண்டரிலோ ஸ்பிரிங்கிலோ இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை ஏற்றி இறக்கிய பின் இறுகினால் கேபிளில் இருக்கிறது. ஓடி வந்த வண்டியின் நாலு சக்கரத்திலும் சூட்டை ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்ல பரீட்சை. தொடாமல் அருகில் கையைக் கொண்டுபோனாலே, பிடிக்கும் சக்கரம் எது என்று தெரிந்துவிடும். மலைப் பாதையிலிருந்து இறங்கிய உடனே இதைச் செய்யாதீர்கள்; அப்போது எல்லாமே கொதிக்கும்.

சுமையைக் குறைக்கச் சொல்வது, சுமை ஏற்றித்தான் பிழைக்க வேண்டியவரிடம் வீண் உபதேசம். ஆனால் வாடகைக்கு உதவாத சுமையை இறக்கலாம். முன் வருஷத்து வேலையிலிருந்து மிஞ்சிய இரும்புச் சங்கிலி, உடைந்த ஜாக்கி, இரண்டாவது ஸ்டெப்னி, மழையில் நனைந்து கனத்த சாக்குகள் என்று பாடிக்குள்ளே நிரந்தரவாசம் செய்வன அநேகம். காற்றோ சுமையைப் போன்றதன்று. வேகம் கூடினால் அதன் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. அறுபதில் போகும்போது 27 கிலோ அளவில் தடுக்கும் காற்று, எண்பதில் 48 கிலோ அளவில் தடுக்கும். 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்கா 1974-இல் தன் நெடுஞ்சாலைகள் முழுமைக்கும் மணிக்கு 55 மைல் என்று எல்லை வகுத்ததற்கு அடிப்படை இதுதான். நம் நாட்டிலும், 1978-இல் அமைந்த பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தையே சிக்கன வேகமாகச் சொல்லி வருகிறது. பைபாஸில் 45-இல் போகச் சொன்னால் பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் ஒருவரை நிம்மதியாக இருக்க விடாது. ஆகையால் 55-ஐயும் 60-ஐயும் ஒட்டிப் போவதே சாத்தியமான சிக்கனம் என்பது என் அபிப்பிராயம். தார்ப்பாயை நான்கு பக்கமும் இறுகக் கட்டுங்கள். காற்றில் உப்பி அடித்துக்கொள்ளும் தார்ப்பாய், கிழிவதோடு நில்லாமல் வண்டியைப் பின்னுக்கும் இழுக்கிறது. பின் கதவைத் திறந்து போட்டு ஓட்டினால் காற்றுத் தாராளமாகப் போய் மைலேஜ் கூடும் என்ற நம்பிக்கை அமெரிக்கப் பிக்கப்காரர்களிடம் வெகுகாலம் இருந்தது. காற்றுச் சுரங்கப் பரீட்சைகள் அதற்கு ஆதாரம் தரவில்லை.

இப்போது பானெட்டைத் திறக்கலாம். திறந்தவுடன் நான் பார்க்கச் சொல்வது பம்ப்பையும் அன்று, நாசிலையும் அன்று. தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா என்பதை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து வைத்து, 80 டிகிரியை ஒட்டிச் சூடு வந்ததும் வழிவிடுவது அந்தச் சின்ன வால்வின் தொழில். எப்போதாவது ஒரு நாள் வண்டி ஹீட் ஆகியிருக்கும். கராஜில், “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குங்க, கழட்டிடலாம்” என்று சொல்லி எடுத்து எறிந்திருப்பார்கள். ஹீட் ஆவது நிற்கவும் கூடும். ஆனால் அன்றுமுதல் அந்த எஞ்சின், சென்னை வெயிலிலும்கூட, விடியற்காலையில் காய்கறி ஏற்றப் புறப்பட்டு நெடுநேரம் வரை தன் உரிய உஷ்ணத்துக்கு வருவதில்லை. குளிர்ந்த சிலிண்டரில் டீசல் முழுதும் எரியாது. குளிர்ந்த ஆயில் கெட்டியாக நின்று உராய்வைக் கூட்டும். ரிங்கும் சீக்கிரம் தேயும். மார்கழியில் இந்த நஷ்டம் பிரத்தியட்சமாகத் தெரியும்.

வால்வு இருக்கிறதா என்று அறியக் கழற்ற வேண்டியதில்லை. இரவெல்லாம் நின்ற எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ஃபேன் பெல்ட்டுக்குத் தூரமாகக் கையை வைத்துக்கொண்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். வால்வு இருந்தால், எஞ்சின் சூடேறிக்கொண்டிருக்கும்போதே ஹோஸ் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்து, பிறகு ஒரு கட்டத்தில் சட்டென்று சுடும். தொடக்கத்திலிருந்தே சிறுகச் சிறுக வெதுவெதுப்பாகிக்கொண்டு வந்தால், அங்கே வால்வு இல்லை, அல்லது திறந்தபடி சிக்கிக்கொண்டிருக்கிறது. புதிது வாங்கிப் போடுவதற்கு முன், வண்டி அன்று ஏன் ஹீட் ஆயிற்று என்ற கேள்விக்கும் பதில் காண வேண்டும். ரேடியேட்டர் அடைப்பு, தளர்ந்த பெல்ட், காற்றுப் போகும் மூடி இவற்றைச் சரிசெய்யாமல் வால்வை மட்டும் போட்டால் பழைய ஹீட் திரும்பி வரும், வால்வும் மறுபடி குப்பைக்குப் போகும்.

ஏர் ஃபில்டர் விஷயம் சுலபமானது, ஆனால் பழைய டீசலில் முக்கியமானது. புதிய வகை எஞ்சின்களில் காற்றின் அளவைப் பார்த்து எரிபொருளைக் குறைக்கும் உணரிகள் உண்டு. மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய எஞ்சினுக்கு அந்த அறிவு கிடையாது. காற்று வந்தாலும் வராவிட்டாலும், ஆக்சிலரேட்டரும் கவர்னரும் சொன்ன அளவு டீசலை அது உள்ளே தள்ளிவிடும். எரியக் காற்றுப் போதாதது கரும்புகையாக வெளியே வரும். செங்கல் சூளையிலும் மணல் பாதையிலும் ஓடும் வண்டிக்கு, கையேடு சொல்லும் காலத்தில் பாதியிலேயே ஃபில்டரை மாற்ற நேரிடும். எண்ணெய்க் கிண்ணம் வைத்த பழைய மாதிரியாயின், கிண்ணத்தில் எண்ணெய் குழம்பாக மாறியிருக்கும். கழுவிப் புது எண்ணெய் குறித்த கோடு வரை மட்டும் ஊற்றுங்கள்.

டீசல் லைனில் ஒழுகல் உண்டா என்று பார்ப்பதற்குக் கண் போதும். ஃபில்டர் மூடி, பம்ப்பின் யூனியன், நாசில்களின் ரிட்டர்ன் பைப், இவற்றைச் சுற்றிப் புழுதி ஈரமாக அப்பியிருந்தால் அங்கே கசிகிறது. பெரும்பாலும் ஒரு காப்பர் வாஷரில் தீரும் காரியம். விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் மணிக்கு நூறு மில்லிக்கு மேல் போகும் என்பதை நினைவில் வையுங்கள். டீசல் ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றுவதும், அதன் அடியில் தங்கும் தண்ணீரை வடிப்பதும், இனி வரப்போகும் பம்ப்பையும் நாசிலையும் காப்பாற்றும் வேலைகள். மலிவாகக் கிடைக்கிறதென்று மண்ணெண்ணெய் கலப்பவர்கள் இன்னும் சிலர் உண்டு. பம்ப்பின் உள்ளுறுப்புகளுக்கு வழுவழுப்புத் தருவது அதன் வழியே ஓடும் டீசல்தான் என்பதால், அது மிச்சப்படுத்தியதைப் பல மடங்கு வட்டியோடு திருப்பிக் கேட்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகே நாசிலும் பம்ப்பும். புகையின் நிறம் இங்கே நல்ல துப்பு. ஃபில்டர் சுத்தமாயிருந்தும் மேடேறும்போது கரும்புகை கக்கினால், நாசில் பூவாகத் தூவாமல் தாரையாக விடுகிறது, அல்லது பம்ப் அதிகம் கொடுக்கிறது. சூடான பிறகும் வெண்புகை நின்றால் டைமிங் தவறியிருக்கலாம், காம்ப்ரெஷன் குறைந்திருக்கலாம். நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். நாசில்களைக் கழற்றி டெஸ்டரில் வைத்து, திறக்கும் அழுத்தத்தையும் தூவலையும் உங்கள் கண் முன் காட்டச்சொல்லுங்கள். தூவி முடிந்த பின் முனையில் சொட்டு நிற்கும் நாசிலை மாற்ற வேண்டும். டேப்பட் இடைவெளியையும் அதே நாளில் கேஜ் வைத்துப் பார்த்துவிடலாம். பம்ப்பில் அதிகபட்ச டீசலை நிர்ணயிக்கும் திருகுக்குக் கம்பெனியில் ஈய முத்திரை வைத்திருப்பார்கள். பழைய வண்டிகளில் அந்த முத்திரை பெரும்பாலும் இருக்காது. பிக்கப் போதவில்லை என்று சாரதி குறைசொல்ல, யாரோ ஒருவர் திருகைத் திறந்துவிட்டிருப்பார். பிடித்திழுக்கும் பிரேக்கோடும் அடைத்த ஃபில்டரோடும் ஓடும் வண்டிக்கு இழுவை போதாமல் இருப்பது இயல்பே. அதற்குப் பரிகாரமாகத் திருகைத் திறப்பது குறையை மறைத்துச் செலவைக் கூட்டுவதாகும். முத்திரை போன பம்ப்பை, கையளவில் திருகிப் பார்க்காமல், அளவுக் குழாய்கள் வைத்த மேடையில் காலிப்ரேஷன் செய்துதான் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

யந்திரத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் சேர்ந்தாலும், சாரதியின் வலது காலுக்கு உள்ள அதிகாரத்துக்கு ஈடாகாது. இரண்டரை டன் வண்டியை நின்ற நிலையிலிருந்து அறுபது கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவருவதற்கு மட்டும் ஏறத்தாழ 35 மில்லி டீசல் செலவாகிறது. பிரேக்கை மிதித்து நிறுத்தினால் அவ்வளவும் டிரம்மில் சூடாகிப் போயிற்று. அப்படி முப்பது முறை நின்றால் ஒரு லிட்டர். தொலைவிலேயே சிவப்பு விளக்கையும், வேகத்தடையையும், சுங்கச்சாவடி வரிசையையும் கண்டு, காலை எடுத்துவிட்டு உருண்டு போய்ச் சேரும் சாரதி, அந்த லிட்டரில் பெரும்பகுதியை மீட்டுவிடுவார்.

இறக்கத்தில் நியூட்ரலில் போடுவது சிக்கனம் என்ற நம்பிக்கை நம் சாரதிகளிடம் ஆழமாக வேரூன்றியது. அது தவறு, ஆபத்தும்கூட. கியரில் வைத்துக் காலை எடுத்தால், எஞ்சினை இறக்கத்தின் வேகமே சுற்றுவிக்கிறது. ஐடில் வேகத்துக்கு மேலே இருக்கும்வரை கவர்னர் டீசலை அறவே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டாலோ, எஞ்சின் தன்னைத்தான் சுற்றிக்கொள்ள ஐடிலுக்குரிய டீசலைக் குடித்தாக வேண்டும். சாவியைத் திருப்பி எஞ்சினையே அணைத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவத்தை உண்டாக்கும் பம்ப் எஞ்சினால்தான் சுற்றுகிறது. அணைத்த பின் இரண்டு மூன்று மிதிக்கு மேல் பூஸ்டர் உதவாது, மிதி கட்டையாகிவிடும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையிலோ, காரட் மூட்டைகளோடு ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பாதையிலோ இதைப் பரீட்சை செய்து பார்க்க எவரும் துணியாதிருப்பாராக. எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரிலேயே இறங்குவது என்ற மலைப் பாதை வழக்கம், உயிருக்கும் நல்லது, டீசலுக்கும் நல்லது.

நின்றுகொண்டு ஓடும் எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டரை லிட்டர் டீசல் எஞ்சின் சும்மா ஓடினால் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் செலவாகும். மண்டியில் சரக்கு ஏறும் வரையிலும், செக்போஸ்ட்டிலும், கடை வாசலிலுமாக நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் இப்படிப் போனால், மாதத்தில் இருபத்தைந்து லிட்டருக்குக் குறையாது. சாரதியைக் கடிந்துகொள்வதற்கு முன் அவர் ஏன் அணைப்பதில்லை என்று கேளுங்கள். “அணைச்சா திரும்ப செல்ஃப் எடுக்காதுங்க முதலாளி, தள்ள ஆள் யாரு?” என்பார். அங்கே வேண்டியது உபதேசமன்று, நல்ல பேட்டரி. தொட்டி முதல் தொட்டி வரையிலான கணக்கில் மிச்சமாகும் டீசலின் விலையில் ஒரு பங்கைச் சாரதிக்கே கொடுத்துவிடும் முதலாளிகளை எனக்குத் தெரியும். ட்ரிப்புக்கு இவ்வளவு என்று பேட்டா கொடுத்துவிட்டு நிதானமாக ஓட்டு என்று சொல்கிறவர்களைவிட அவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள்.

சந்தையில் விற்கும் சிக்கன சாதனங்களுக்கு இந்நூலில் அதிக இடம் தர எனக்கு விருப்பமில்லை. டீசல் பைப்பில் மாட்டும் காந்தம், தொட்டியில் போடும் மாத்திரை, காற்றுக் குழாயில் செருகும் விசிறி என்று அவை பலவகை. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கு மேற்பட்டவற்றைப் பரீட்சித்து, மைலேஜைக் கணிசமாகக் கூட்டும் எதையும் காணவில்லை. 1996-இல் மூலிகைப் பெட்ரோலைப் பற்றித் தமிழகமெங்கும் எழுந்த ஆரவாரத்தையும், அது அடங்கிய விதத்தையும் நினைவு வைத்திருப்பவர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை. விற்பவர் வற்புறுத்தினால், மேலே சொன்ன முறைப்படி மாட்டுவதற்கு முன்னும் பின்னும் நான்கு தொட்டி அளந்து காட்டிய பிறகு பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள்; அவர் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்.

கடைசியாக எஞ்சின் இறக்கும் பிரச்சினை. எல்லாம் பார்த்தும் மைலேஜ் ஏறவில்லை, காம்ப்ரெஷன் குறைந்திருக்கிறது, போர் வேலை செய்ய வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், உடனே தலையாட்ட வேண்டாம். மாதம் 1500 கிலோமீட்டர் ஓடும் வண்டி, லிட்டருக்கு 10 கொடுத்தது போர் வேலைக்குப் பின் 11 கொடுக்குமானால், மாதத்துக்கு மிச்சமாவது 14 லிட்டருக்கும் சற்றுக் குறைவு. லிட்டர் தொண்ணூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆயிரத்து இருநூறு ரூபாயைச் சுற்றி வரும். மெக்கானிக் கேட்பது அறுபதாயிரம் என்றால், அது திரும்பக் கைக்கு வர நான்கு வருஷம் ஆகும். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். சேஸியும் பாடியும் அந்த நான்கு எஃப்.சி.யிலும் தேறும் என்ற நம்பிக்கை உங்களுக்கு இருந்தால் எஞ்சினை இறக்குங்கள். இல்லையென்றால், குறையும் ஆயிலை ஊற்றிக்கொண்டு, டயரில் காற்றைச் சரியாக வைத்து, இருக்கும் வரை ஓட்டுங்கள்.